வாழைப்பழமும் இட்லிப்பொடியும் வைத்த பிரெட்

வாசகி கேள்வி:

"வணக்கம் மேடம். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகனுக்கு 8 வயது, 3ஆம் வகுப்பு. சோறு, இட்லி, தோசை எதுவானாலும் நாலு வாய்தான். பிரெட் என்றால் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அதிலும் ஜாம் வேண்டாம், முட்டை வேண்டாம். உள்ளே என்ன வைப்பது என்பதை அவனேதான் முடிவு செய்கிறான். வாழைப்பழத்தை நசுக்கித் தடவி இட்லிப்பொடி தூவுவான். முறுக்கை நொறுக்கி வெண்ணெயோடு வைப்பான். தயிர்சாதத்தை இரண்டு பிரெட்டுக்கு நடுவே வைத்து அமுக்குவான். மாங்காய் ஊறுகாயின் எண்ணெயைத் தடவிச் சர்க்கரை போடுவான். பள்ளியில் பக்கத்துப் பையன்கள் 'உவ்வே' என்று சிரித்திருக்கிறார்கள். மிஸ் டைரியில் 'ஒழுங்கான சாப்பாடு கொடுத்து அனுப்பவும்' என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்தான். ஒருநாள் பீட்ரூட்டை அரைத்து, அவனுக்குத் தெரியாமல் வெண்ணெயில் கலந்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டான். இரண்டு நாள் என் கையால் எதையும் வாங்கவில்லை. மாமியார், 'உன் சமையலில் ருசி இருந்தால் பிள்ளை ஏன் இப்படித் தின்கிறான்' என்கிறார். காலையும் மாலையும் டீ கேட்கிறான், கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்போம், அவன் குழம்பை மட்டும் தொட்டுக்கொள்வான். அப்புறம், மாவு ஆட்ட ஊறப்போட்ட அரிசியை அள்ளி அள்ளி மெல்லுகிறான். சுவரில் பெயர்ந்து நிற்கும் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டதையும் இரண்டு முறை பார்த்தேன். இவன் நாக்கே கெட்டுப்போய்விட்டதா? இந்தப் பிரெட் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது பிரெட்டைப் பற்றி. அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். ஊறவைத்த அரிசி, சுவர்ச் சுண்ணாம்பு. குழந்தைகளின் உணவுப் பிரச்சினைகளை இருபத்தைந்து வருடமாகப் பார்த்துவரும் எனக்கு, கடிதத்தில் கவலை தந்த இடம் அது ஒன்றுதான்.

உணவு அல்லாத பொருள்களைத் தேடித் தின்பதும், அரிசியைப் பச்சையாக அள்ளி மெல்லுவதும் பல குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கும். மண், சாம்பல், பல்பம், சுண்ணாம்பு, ஐஸ் கட்டி என்று குழந்தைக்குக் குழந்தை பொருள் மாறும். ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது முழுதாக விளங்காவிட்டாலும், இரும்புச்சத்தைச் சரிசெய்ததும் அந்த ஆசை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்குவதை மருத்துவர்கள் பார்த்துவருகிறார்கள். இரும்புச்சத்து குறைந்தால் பசியும் மந்தமாகும். "எதுவானாலும் நாலு வாய்தான்" என்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இதனாலும் இருக்கலாம்.

இது உங்கள் வீட்டில் மட்டும் இருப்பது என்று நினைக்காதீர்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 5 வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. வசதியுள்ள வீடுகளும் இதில் அடக்கம்.

அதனால் இந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடம் கூட்டிப்போய், அரிசியையும் சுண்ணாம்பையும் பற்றிச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஹீமோகுளோபினோடு சேர்த்து ஃபெரிட்டின் அளவையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்துவைத்திருக்கும் இரும்பின் கணக்கு. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இந்தச் சேமிப்பு கரையத் தொடங்கிவிடும். 5 முதல் 11 வயதுக் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. பள்ளியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையைப் போட்டானா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பரிசோதிக்காமல் மருந்துக்கடையில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் குழந்தைகளுக்கு அது ஆபத்து.

சுவர் பற்றியும் ஒரு விஷயம். பழைய வீடு என்றால் சுண்ணாம்புக்கு மேலோ கீழோ பழைய பெயின்ட் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் பேசி அந்த இடத்தைப் பூசிவிடுங்கள். பூசும்வரை அங்கே ஒரு பீரோவையாவது நகர்த்தி வையுங்கள்.

டீயை இன்றோடு நிறுத்திவிடலாம். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், தானியங்களிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடலில் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்குப் போகவிடாது. பெரியவர்களே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி குடிக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. 8 வயதுப் பையனுக்குத் தினம் இரண்டு டீ தேவையே இல்லை. ஒரு வாரம் முரண்டு பிடிப்பான். வீட்டில் மற்றவர்கள் அவன் முன்னால் குடிக்காமல் இருந்தால் அந்த ஒரு வாரம் சுலபமாகக் கழியும்.

சரி, இப்போது பிரெட்டுக்கு வருகிறேன்.

நான் வளர்ந்தது விருதுநகர் பக்கம். எங்கள் வீட்டுக்குப் பிரெட் வந்தால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். சூடான பாலில் தோய்த்துச் சர்க்கரை போட்டு அம்மா ஊட்டுவார். காய்ச்சல் விட்டதும் மீதித் துண்டுகளுக்கு எங்களுக்குள் போட்டி நடக்கும். என் அண்ணன் அதில் சாத்தூர்க் காராச்சேவை வைத்து அமுக்கித் தின்பார். நான் தேங்காய்ச் சில்லும் கருப்பட்டித் தூளும் வைப்பேன். பிரெட்டுக்கு எது சேரும், எது சேராது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் தடுக்கவும் இல்லை. இட்லிக்குச் சட்னி, பொங்கலுக்குக் கொத்சு, அடைக்கு அவியல் என்று நம் பலகாரங்களுக்கெல்லாம் பாட்டிமார் ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிரெட்டுக்கு அப்படி யாரும் சேர்த்து வைக்கவில்லை. 1965இல் அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பிரெட் செய்து விற்ற பிறகும், எங்களைப் போன்ற ஊர்களில் அது நோயாளிச் சாப்பாடாகவே பல காலம் இருந்தது. உங்கள் மகனுக்குப் பிரெட் பிடிக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று யாரும் முன்னமே சொல்லிவைக்காத சாப்பாடு அது ஒன்றுதான்.

பிரெட்டே தினசரிச் சாப்பாடாக உள்ள ஊர்களில் என்னென்ன வைக்கிறார்கள் என்று பாருங்கள். நெதர்லாந்தில் வெண்ணெய் தடவிய பிரெட்டின் மேல் சாக்லேட் துருவலைக் கொட்டிக் காலை உணவாகச் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் மட்டுமில்லை, வேலைக்குப் போகும் பெரியவர்களும்தான். அதன் பெயரான ஹாகல்ஸ்லாக் என்பதற்கே ஆலங்கட்டி மழை என்று பொருள். பிரிட்டனில் உருளைக்கிழங்கு சிப்ஸை அப்படியே பிரெட்டுக்குள் வைத்து நொறுக்கென்று கடிக்கிறார்கள். உங்கள் மகனின் முறுக்கு பிரெட்டுக்கு அது அண்ணன் முறை. ஆஸ்திரேலியாவில் பிறந்தநாள் என்றால் வெண்ணெய் தடவிய பிரெட்டில் கேக்குக்குத் தூவும் வண்ணச் சர்க்கரை மணிகளைத் தூவி, முக்கோணமாக வெட்டி வைப்பார்கள். ஜப்பானில் நீளமான பன்னைப் பிளந்து வறுத்த நூடுல்ஸை அடைக்கிறார்கள். மும்பையின் வடா பாவ் என்பது என்ன? நம் உருளைக்கிழங்கு போண்டாவை மாவுக்குள் வைத்தது போதாதென்று பன்னுக்குள்ளும் வைத்ததுதான். ஈழத்தில் பாணுக்குச் சம்பல் தொட்டுக்கொள்வது எவ்வளவு இயல்போ, பாணும் வாழைப்பழமும் அவ்வளவு இயல்பு. அங்கே பாண், மும்பையில் பாவ், இரண்டும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஒரே சொல்லிலிருந்து வந்தவை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் புட்டோடு வாழைப்பழத்தைப் பிசைந்து, அவித்த பயறு சேர்த்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிடுவார்கள். குழைவு, இனிப்பு, பருப்பு, உப்பு, மொறுமொறுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. உங்கள் மகனின் வாழைப்பழமும் இட்லிப்பொடியும் அந்தப் புட்டுதான், பிரெட்டில் செய்திருக்கிறான். ஊறுகாய் எண்ணெயும் சர்க்கரையும்? சித்திரை முதல் நாள் நாம் வைக்கும் மாங்காய்ப் பச்சடியில் புளிப்பும் இனிப்பும் காரமும்தானே இருக்கிறது. நாக்கு கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். எது எதோடு சேரும் என்று அந்த நாக்கு நன்றாகவே யோசிக்கிறது.

நேற்று காலை நானும் செய்து சாப்பிட்டேன். நன்கு கனிந்த பூவன் பழம், காரம் குறைந்த பொடி, இரண்டு சொட்டு நல்லெண்ணெய். நன்றாகவே இருந்தது.

இது உங்கள் கைப்பக்குவத்தால் வந்ததும் இல்லை. பழக்கமில்லாத உணவைக் கண்டால் பின்வாங்குவது குழந்தைகளின் இயல்பு, அதன் அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். 2007இல் பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையிலான இரட்டையர்களை, 5,000 ஜோடிகளுக்கு மேல், வைத்து ஆராய்ந்தார்கள். ஒரு குழந்தைக்கும் இன்னொரு குழந்தைக்கும் இந்தப் பயத்தில் உள்ள வித்தியாசத்தில் 78 சதவீதம் பிறப்போடு வருவது என்று கண்டார்கள். சமைப்பவரின் கைக்கு அதில் மிகச் சிறிய இடம்தான். உங்கள் மாமியாரிடம் இந்த எண்ணைச் சொல்ல வேண்டாம், அது சண்டையில்தான் முடியும். அவர் மகன், அதாவது உங்கள் கணவர், 8 வயதில் எப்படிச் சாப்பிட்டார் என்று ஆசையாகக் கேளுங்கள். "அவனா? ரெண்டு வருஷம் வெறும் ரசஞ்சோறுதான்" என்பது போல ஏதாவது ஒரு கதை வரும். இப்படிக் கேட்கச் சொல்லி அனுப்பிய வீடுகளில் பெரும்பாலும் வந்திருக்கிறது.

பயப்படுகிற குழந்தைக்குப் பிரெட் ஏன் பிடிக்கிறது தெரியுமா? இன்றைக்கு வாங்கும் துண்டும் அடுத்த வாரம் வாங்கும் துண்டும் ஒரே நிறம், ஒரே மணம், ஒரே மென்மை. கத்தரிக்காய்ப் பொரியல் அப்படி இல்லை. ஒருநாள் குழையும், ஒருநாள் கசக்கும், ஒருநாள் விதை தட்டுப்படும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கசப்பு கூர்மையாகத் தெரியும், இனிப்பும் கூடுதலாக வேண்டியிருக்கும். பிரெட் அவனுக்குப் பழகிய தரை. அதில் நின்றுகொண்டுதான் பொடியையும் பழத்தையும் ஊறுகாயையும் அவன் சோதித்துப் பார்க்கிறான். அந்தத் தரையை எடுத்துவிட்டால் சோதிப்பதும் நின்றுவிடும். அதனால்தான் பிரெட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், 1920களின் பின்பாதியில் தொடங்கி, தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு அவர்களே உணவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்தார். தட்டில் பல உணவுகளைத் தனித்தனியாக வைப்பார்கள். செவிலியர் கரண்டியோடு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தை கைகாட்டினால் மட்டும் ஊட்டுவார். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், இப்படியே நடந்தது. குழந்தைகள் சேர்த்த ஜோடிகளைப் பார்த்தால் உங்கள் மகன் எவ்வளவோ பரவாயில்லை. ஒரு குழந்தையின் காலைச் சாப்பாடு அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இன்னொரு நாள் இரவுக்குப் பல முட்டைகள், வாழைப்பழம், பால். அத்தனை குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். வைட்டமின் டி குறைவால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகக் குடித்துவந்து, நோய் சரியானதும் நிறுத்திவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு, "பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுத்துவிடலாம், உடம்புக்குத் தெரியும்" என்று சொல்பவர்கள் உண்டு. 1939இல் எழுதிய கட்டுரையில் டேவிஸே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது. அந்தத் தட்டில் சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது, டப்பா உணவு கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, பால், தானியம், காய், பழம் மட்டும்தான். பட்டியலைப் பெரியவர்கள் போட்டார்கள், அதிலிருந்து எடுத்துக்கொண்டது குழந்தை. உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல வருவதும் இதேதான்.

இப்போது பட்டியலில் பிரெட்டும் சர்க்கரையும் முறுக்கும் ஊறுகாயும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. அவன் அதிலிருந்து எடுக்கிறான். நீங்கள் பட்டியலை மாற்றுங்கள். தினம் சாயங்காலம் ஐந்து சின்னக் கிண்ணம் வையுங்கள். ஒன்றில் அவனுக்குப் பிடித்த இட்லிப்பொடி கட்டாயம் இருக்கட்டும். ஒன்றில் பழம். மற்ற மூன்றில் நிலக்கடலைச் சட்னி, மசித்த கொண்டைக்கடலை, துருவிய கேரட், மெலிதாக அரிந்த வெள்ளரி என்று நாளுக்கு நாள் மாற்றுங்கள். இரண்டு துண்டுப் பிரெட்டைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்று செய்து சாப்பிடுங்கள். "அதையும் கொஞ்சம் வச்சுப் பாரேன்" என்று சொல்லாதீர்கள், அதுதான் கஷ்டம். வற்புறுத்தப்பட்ட குழந்தைகள் அதே உணவைக் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொல்கிறார்கள். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு புதுச் சுவை பழகப் பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட வேண்டியிருக்கும், நாக்கில் பட வேண்டியிருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பதும், நக்கிவிட்டுத் துப்புவதும் அந்தக் கணக்கில் சேரும். திட்டாதீர்கள். "கேரட் தின்னா சாக்லேட்" என்றும் பேரம் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் சாக்லேட்டின் மதிப்புதான் ஏறும்.

புதிது எதுவும் ஏற்கனவே பிடித்ததற்கு ஓர் அடி தள்ளி இருக்கட்டும். இரண்டடி போனாலே அவன் திரும்பிவிடுவான். இட்லிப்பொடியிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் உளுந்தும் கடலைப்பருப்பும் எள்ளும் அதில் ஏற்கனவே இருக்கின்றன. அடுத்த முறை பொடி இடிக்கும்போது எள்ளைக் கூட்டுங்கள். அதற்கடுத்த முறை கறிவேப்பிலை. பிறகு ஒரு பங்கு வறுத்த கொள்ளு. உங்கள் பக்கத்தில் கொள்ளு இல்லாத வீடு இல்லை, மாமியாருக்குப் பக்குவமும் தெரிந்திருக்கும். அவரையே இடிக்கச் சொல்லுங்கள், பையனை உரலுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எது போடுகிறோம் என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியாகக் காயவைத்த முருங்கைக்கீரையை ஒரு கைப்பிடி சேர்க்கலாம். நிறம் மாறும், கேட்பான், சொல்லிவிடுங்கள். பொடி தூவியதன் மேல் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் பழமும் கறுக்காது, பருப்பிலும் எள்ளிலும் உள்ள இரும்பும் உடம்பில் நன்றாகச் சேரும். ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ கூடத் தின்றாலும் அதே பலன்.

முறுக்கு இருக்கும் இடத்தில் வறுத்த நிலக்கடலையைப் பொரபொரவென்று இடித்து வைத்துப் பாருங்கள். அவனுக்கு வேண்டியது பல்லில் கேட்கும் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அவன் தொட்டுக்கொள்கிறான் என்றீர்கள். எனக்கு அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. குழம்பில் தோய்த்த பிரெட்டிலிருந்து, கைமாக் கறியை மிளகு போட்டு வறுத்து ஒரு கரண்டி உள்ளே வைத்த பிரெட்டுக்குப் போவது ஓர் அடிதான். கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) கிடைத்தால் வாங்குங்கள். இரத்தம் ஊற வேண்டும் என்று நம் ஊரில் காலங்காலமாக அதைத்தான் கொடுத்துவந்தார்கள், அதில் நிஜமாகவே இரும்பு நிறைய உண்டு. இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் எளிதாக ஏற்றுக்கொள்ளும். 7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் இரும்பும் சுமார் 23 கிராம் புரதமும் வேண்டும் என்பது இந்தியக் கணக்கு. இரண்டு துண்டு பிரெட்டில் புரதம் நாலைந்து கிராம்தான் கிடைக்கும், ஒரு முட்டையில் ஆறு. உள்ளே வைப்பதில்தான் சத்து வர வேண்டியிருக்கிறது.

பிரெட் வாங்கும்போது உறையின் பின்பக்கம் பாருங்கள். பழுப்பாக இருப்பதெல்லாம் கோதுமை பிரெட் இல்லை, நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதும் உண்டு. முதல் பெயராக முழுக் கோதுமை மாவு இருந்தால் வாங்கலாம். அவன் வெள்ளைதான் கேட்கிறான் என்றால் ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு என்று ஜோடி சேர்த்துக் கொடுங்கள்.

அவன் செய்பவற்றில் நான் குறைக்கச் சொல்வது ஊறுகாய்ச் சர்க்கரையை மட்டும். உப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றைத் தவிர அதில் வேறில்லை. கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை, அவன் வயதுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீஸ்பூனுக்குள் நிற்பது நல்லது. வாரம் ஒருநாள் அந்தப் பிரெட்டைச் சந்தோஷமாகச் சாப்பிடட்டும். மற்ற நாளில் ஊறுகாய் ஜாடியும் சர்க்கரை டப்பாவும் மேல் அலமாரியில் இருக்கட்டும்.

பீட்ரூட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் எது உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சாப்பிடத் துணியும் குழந்தைக்கு, தெரியாமல் கலப்பது ரொம்பப் பெரிய விஷயம். அவன் இரண்டு நாள் உங்கள் கையால் வாங்காததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. "அன்னைக்கு உன்கிட்ட சொல்லாம கலந்துட்டேன். இனிமே சொல்லாம எதையும் கலக்க மாட்டேன்" என்று அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பீட்ரூட் இன்னும் ஆறு மாதம் கழித்துத் தட்டுக்கு வரட்டும்.

பள்ளிக்கு வருவோம். மிஸ் எழுதியது அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை மூன்று நாள் திறக்காத டப்பா சொல்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்க மாட்டார், பையன் பசியோடு இருக்கிறானோ என்று நினைத்திருக்கலாம். நேரில் போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். "இவனுக்குப் புது சாப்பாடுன்னா பயம். டாக்டர்கிட்டயும் காட்டறோம். வீட்டில் பழக்கிட்டு இருக்கோம். டப்பாவில் எது இருந்தாலும் அவன் சாப்பிடட்டும், மற்ற பிள்ளைகள் சிரித்தால் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். டைரிக்கு டைரியில் பதில் எழுத வேண்டாம். அதைப் படிப்பதும் அவன்தான்.

டப்பாவில் கொஞ்ச நாளைக்குச் சாதாரணமாகத் தெரிகிற மாதிரி கொடுக்கலாமா என்று அவனிடமே கேளுங்கள். பிரெட்டை வெண்ணெய் தடவி மூடி நாலாக வெட்டி, பழத்தை உரிக்காமல் முழுதாக, பொடியைச் சின்ன டப்பியில் தனியாக வைத்தால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சேர்த்துச் சாப்பிடுவதும் தனித்தனியாகச் சாப்பிடுவதும் அவன் இஷ்டம். "வேண்டாம், எப்பவும் போலவே குடு" என்றால் அப்படியே கொடுங்கள். தயிர்சாத பிரெட் மட்டும் வீட்டோடு நிற்கட்டும். திருப்பூர் வெயிலில் மதியத்துக்குள் புளித்து, பிரெட்டும் ஊறிக் கூழாகிவிடும். ஈரமான எதையும் வைப்பதற்கு முன் இரண்டு துண்டிலும் உள்பக்கம் வெண்ணெய் தடவிவிட்டால் ஊறுவது குறையும்.

எப்போது என்னைப் போன்றவரிடம் நேரில் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவன் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். டீ, பிஸ்கட், குழம்பு எல்லாம் சேர்த்துத்தான். இருபதுக்குக் கீழே இருந்தால், அல்லது போன வருடம் சாப்பிட்டவை ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்தால், அல்லது எடை ஏறாமல் நின்றால், அல்லது பிடித்தது கிடைக்காதபோது நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால், காத்திருக்க வேண்டாம். உணவைத் தவிர்க்கும் கோளாறு என்று ஒன்று உண்டு, 2013இலிருந்து மருத்துவர்கள் அதைத் தனியாக அடையாளம் காண்கிறார்கள். அதற்குச் சிகிச்சையும் உண்டு. பொடியும் பழமும் ஊறுகாயும் தயிரும் தேடிப்போகும் பையனுக்கு அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தத் தாளை எழுதி, மருத்துவரிடம் போகும்போது கையில் கொண்டுபோங்கள்.

பரிசோதனை முடிந்ததும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இரண்டு எண்ணையும், அவன் எடை உயரத்தையும் எனக்கு எழுதுங்கள். மருந்து தொடங்கி ஒரு மாதம் கழித்து, ஊறவைத்த அரிசிப் பக்கம் அவன் கை போகிறதா, சுவர்ப் பக்கம் போகிறானா என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதத்துக்கான கிண்ணங்களை முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் உணவியல் ஆலோசகர்